இரவை எண்ணும் செடிக்கு உரிமம்

ஜூன் மாதத்துக் காலை. கலிபோர்னியாவின் வடமேற்கு ஓரத்தில் ஹம்போல்ட் என்னும் மலை மாவட்டம். வானளாவிய ரெட்வுட் மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன வெட்டவெளி. அங்கே ஒரு விவசாயி மண்டியிட்டு உட்கார்ந்து, முழங்கால் உயரக் கஞ்சாக் கன்று ஒன்றின் தண்டில் பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கட்டுகிறார். பட்டையில் எழுத்தும் எண்ணுமாக 24 குறிகள். உள்ளே, ரேடியோ அலை பட்டால் பதில் சொல்லும் ஒரு சில்லு. அதே எண் மாநில அரசின் கணினியிலும் ஏறிவிட்டது. இனி இந்தச் செடி பட்டுப்போனாலும், பூச்சி அரித்தாலும், அறுவடையானாலும் அரசுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். ஒன்றைக் கட்டி முடித்ததும் அடுத்த கன்றுக்கு நகர்கிறார். மொத்தம் 25. இருபத்தாறாவது செடி வைக்க அவருக்கு அனுமதி கிடையாது.

அவர் கையில் இருப்பது மாநிலம் தரும் சாகுபடி உரிமங்களிலேயே மிகச் சிறியது. நாம் குடிசைத் தொழில் என்று சொல்லும் அதே பொருளில், அதற்கு 'காட்டேஜ்' உரிமம் என்றே பெயர். திறந்தவெளியில் வளர்ப்பவருக்கு 25 முதிர்ந்த செடிகள். செடிக்கணக்கு வேண்டாம் என்றால் 2,500 சதுர அடி என்று பரப்பாலும் கணக்குக் கொடுக்கலாம். ஆனால் அதே 'காட்டேஜ்' உரிமத்தை வாங்கிக்கொண்டு கட்டடத்துக்குள் வளர்ப்பவருக்கு 500 சதுர அடிதான். கண்ணாடிக் கூடாரத்தில் கொஞ்சம் சூரியன், கொஞ்சம் விளக்கு என்று வளர்ப்பவருக்கு வேறு கணக்கு. அவர் சதுர அடிக்கு எத்தனை வாட் விளக்கு எரிக்கிறார் என்பதையும் அரசு கேட்கிறது.

ஒரே செடிதான். ஓரிடத்தில் தலையை எண்ணுகிறார்கள், ஓரிடத்தில் தரையை அளக்கிறார்கள், ஓரிடத்தில் வெளிச்சத்தை அளக்கிறார்கள். முதல் பார்வைக்கு ஏதோ அலுவலகத்து மேசையில் பிறந்த குழப்பம் போலத் தெரியும். செடியின் உடலைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு அந்த விதிகளைத் திரும்பப் படித்தால், வரிக்கு வரி தாவரவியல் தெரிகிறது.

கதவு திறந்த கதை

1970இல் அமெரிக்க மைய அரசு, கஞ்சாவைப் போதைப்பொருள் சட்டத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் சேர்த்தது. மாநிலங்கள் பின்னாளில் தனித்தனியாகக் கதவைத் திறந்தன. கலிபோர்னியா மக்கள் 1996இல் வாக்களித்து மருத்துவப் பயன்பாட்டை அனுமதித்தார்கள். 2016 நவம்பரில் இன்னொரு வாக்கெடுப்பு, 21 வயது நிறைந்தவர்களுக்கும் அதை அனுமதித்தது. 2018 ஜனவரி 1 அன்று கடைகள் திறந்தன. சாகுபடி, தயாரிப்பு, விற்பனை என்று மூன்று அலுவலகங்களில் சிதறிக் கிடந்த உரிமப் பணிகளை 2021 ஜூலையில் கஞ்சாக் கட்டுப்பாட்டுத் துறை என்ற ஒரே குடைக்குக் கீழே கொண்டுவந்தார்கள்.

மைய அரசின் தடை இருப்பதால் ஒரு மாநிலத்தில் விளைந்தது அடுத்த மாநிலத்துக்குள் போக முடியாது. கலிபோர்னியாவில் விதைத்தது கலிபோர்னியாவிலேயே விற்று, அங்கேயே தீர்ந்தாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு மாநிலமும், கசிவில்லாத ஒரு பாத்திரத்தைப் போலத் தன் விதிகளைத் தானே வனைந்துகொள்ள வேண்டியிருந்தது.

இரவின் நீளம்

கஞ்சாவைக் குறும்பகல் தாவரம் என்பார்கள். நம் சாமந்தியும் இந்த வகைதான். பெயரில் பகல் இருந்தாலும் செடி உண்மையில் அளப்பது இரவை. இலைகளில் இருக்கும் பைட்டோகுரோம் என்ற நிறமி, வெளிச்சத்தில் ஓர் உருவமும் இருளில் மெல்ல மெல்ல இன்னோர் உருவமும் எடுக்கிறது. இருள் நடுவே கலையாமல் போதிய மணிநேரம் நீண்டால்தான் 'பூக்கும் காலம் வந்துவிட்டது' என்ற செய்தி தண்டின் நுனிக்குப் போகும். நள்ளிரவில் யாராவது விளக்கைப் போட்டால் கணக்கு கலைந்துவிடும்.

ஹம்போல்ட் மலையில் நட்ட செடி, ஜூன் 21இன் நீண்ட பகலைக் கடந்து, ஆகஸ்டில் இரவு நீளும்வரை இலையும் கிளையுமாக வளர்ந்துகொண்டே இருக்கும். நல்ல மண்ணும் வெயிலும் கிடைத்தால் ஆள் உயரத்தைத் தாண்டி ஒரு சிறு மரமாகவே நிற்கும். அக்டோபரில் அறுவடை. ஆண்டுக்கு ஒரு முறைதான்.

கட்டடத்துக்குள் வளர்ப்பவர் சூரியனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நாளுக்கு 18 மணிநேரம் விளக்கெரித்துக் கன்றை வளர்ப்பார். வேண்டிய நாளில் அதை 12 மணிநேரமாகக் குறைப்பார். செடி ஏமாந்து, இலையுதிர் காலம் வந்துவிட்டதென்று நம்பிப் பூக்கத் தொடங்கும். சின்னச் செடிகளை நெருக்கி வைத்து, ஆண்டுக்கு நான்கைந்து முறைகூட அறுக்கலாம். கூடாரக்காரர் இன்னொரு வழி வைத்திருக்கிறார். கோடையில் மாலையானதும் கறுப்புத் தார்ப்பாயை இழுத்து மூடிச் செயற்கையாக இரவை உண்டாக்குகிறார்.

இப்போது உரிம விதியைப் படியுங்கள். திறந்தவெளியில் ஒவ்வொரு செடியும் ஒரு மரம் என்பதால் தலையை எண்ணுவதில் அர்த்தம் இருக்கிறது. உள்ளே 25 செடிகள் என்றால் ஒரு மேசையில் அடங்கிவிடும். அதனால் அங்கே பூக்கும் செடிகள் நிற்கும் தரையை அளக்கிறார்கள். கூடாரத்தில் சதுர அடிக்கு 6 வாட் வரை ஒரு படி, 6க்கு மேல் 25 வாட் வரை அடுத்த படி. 25 வாட்டைத் தாண்டினால் சூரியன் இருந்தும் இல்லாத மாதிரிதான். அதை உள்ளரங்கச் சாகுபடியாகவே கணக்கிடுகிறார்கள்.

கட்டணத்திலும் இதே உடலியல் பேசுகிறது. 10,000 சதுர அடி வரையிலான 'சிறு' உரிமத்துக்கு, திறந்தவெளி என்றால் ஆண்டுக்கு 4,820 டாலர் என்று மாநிலம் நிர்ணயித்தது. அதே பரப்புக்கு உள்ளரங்கம் என்றால் 35,410 டாலர். நம் 25 செடிக்காரருக்கு 1,205 டாலர். திறந்தவெளிக்கும் உள்ளரங்கத்துக்கும் இடையிலான இந்த ஏழு மடங்கு வித்தியாசத்தில் ஒரு அறுவடைக்கும் பல அறுவடைகளுக்கும் உள்ள தூரம் இருக்கிறது.

பட்டை கட்டும் வயது

கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தம் காற்றில் வந்து சேர்ந்தால் பெண் பூ விதை வைக்கத் தொடங்கிவிடும். மகரந்தமே கிடைக்காவிட்டால் அது காத்திருக்கும். சூல்முடியை நீட்டிப் புதுப் பூக்களை அடுக்கிக்கொண்டே போகும், பிசினைச் சுரந்துகொண்டே இருக்கும். சந்தை கேட்பது அந்த விதையில்லாத பெண் பூவைத்தான். அமெரிக்க விவசாயிகள் இதற்கு ஸ்பானிய மொழியில் சின்செமில்லா, அதாவது 'விதையற்றது' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த நுட்பம் நம் துணைக்கண்டத்துக்குப் பழையது. பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் வங்காளத்தின் நவ்காவ் வட்டாரத்தில், இன்று அது வங்கதேசத்தில் இருக்கிறது, அரசு உரிமம் பெற்ற சிறு விவசாயிகள் கஞ்சா பயிரிட்டார்கள். வயலுக்கு ஒருவர் வருவார். பூ விரியும் முன்பே, கணுவில் தோன்றும் மொட்டின் வடிவத்தை வைத்து இது ஆண், இது பெண் என்று சொல்லி, ஆண் செடிகளைப் பிடுங்கிப் போடுவார். கஞ்சா டாக்டர் என்றே ஆங்கில அதிகாரிகள் அவரைக் குறிப்பிட்டார்கள். விளைந்ததை எடைபோட்டு அரசு மேற்பார்வையிலுள்ள கிடங்கில் சேர்த்தார்கள். கிடங்கைவிட்டு வெளியே போகும்போது வரி. 1893-94இல் ஆராய்ந்த இந்திய சணல் (ஹெம்ப்) போதைப்பொருள் ஆணையம் இந்த ஏற்பாட்டை விரிவாகப் பதிந்து வைத்தது. ஹம்போல்ட் மலையில் சில்லு செய்யும் வேலையை அன்று கணக்கர்களின் பேரேடு செய்தது.

சுதந்திர இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டமும் செடியின் உறுப்புகளைப் பார்த்தே எழுதப்பட்டது. பூக்கும், காய்க்கும் நுனிகளைத்தான் அது கஞ்சா என்கிறது. நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன.

கலிபோர்னிய விதியில் என்னை நெகிழவைத்த இடமும் இதையொட்டியதுதான். இளங்கன்றுகளுக்குத் தனித்தனிப் பட்டை தேவையில்லை. 100 கன்றுகள் வரை ஒரே எண்ணின் கீழ் ஒரு கூட்டமாக இருக்கலாம். பூக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் நட்டதும், அல்லது பூக்கத் தொடங்கியதும், ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எண் பெற வேண்டும். ஒரு செடி எப்போது வயதுக்கு வருகிறது என்பதைச் சட்டம் செடியிடமே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறது.

பனித்துளி போன்ற ஒன்று

முதிர்ந்த பெண் பூவை ஒரு பூதக்கண்ணாடியில் பார்த்தால், விடியற்காலைப் புல்லில் பனி உறைந்த மாதிரி இருக்கும். கண்ணாடிக் குண்டூசிகள் நெருக்கமாக நிற்கும். மெல்லிய காம்பு, உச்சியில் ஒரு உருண்டை. இவை சுரப்பித் தூவிகள். முதலில் தெளிந்த நீர் போல இருக்கும் உருண்டை, நாள் போகப் போகப் பால் நிறமாகும், பிறகு தேன் நிறம் கொள்ளும். அனுபவமுள்ள விவசாயி அறுவடை நாளை இந்த நிறத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.

போதை தரும் டிஎச்சி என்ற வேதிப்பொருளின் அமைப்பை 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெகூலமும் யெகியேல் கவோனியும் கண்டறிந்தார்கள். ஆனால் செடி உண்டாக்குவது நேரடியாக அதை இல்லை, அதன் அமில வடிவத்தை. சூடு பட்டால் அமிலத்திலிருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு கழன்று ஓடும், மிஞ்சுவது டிஎச்சி. ஓடிப்போன வாயுவுக்கும் எடை உண்டல்லவா? அதனால் ஆய்வகங்கள் அமிலத்தின் அளவை 0.877ஆல் பெருக்கி, சூடுபட்ட பின் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிடுகின்றன.

இந்த அளவில்தான் செடியின் சட்டத் தலையெழுத்து இருக்கிறது. 1976இல் கனடாவின் எர்னஸ்ட் ஸ்மாலும் அமெரிக்காவின் ஆர்தர் க்ரான்க்விஸ்டும் கஞ்சா இனத்தை வகைப்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார்கள். நாருக்கு வளர்ப்பதையும் போதைக்கு வளர்ப்பதையும் பிரிக்க ஒரு கோடு வேண்டுமே என்று 0.3 சதவீதத்தில் ஒன்றை வரைந்தார்கள். வசதிக்காகத் தாங்களே தேர்ந்துகொண்ட கோடு அது என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். தாவரவியலாளர்கள் தங்கள் வேலைக்காகப் போட்ட அந்தக் கோட்டை 2018இல் அமெரிக்க வேளாண் சட்டம் எடுத்துக்கொண்டது. உலர்ந்த எடையில் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது சணல், சாதாரணப் பயிர். மேலே போனால் மைய அரசு தடைசெய்த கஞ்சா. ஒரே வயலில், ஒரே விதையில் முளைத்த செடிகூட அறுவடை ஒரு வாரம் தள்ளிப்போனால் கோட்டைத் தாண்டிவிடக்கூடும்.

ஆய்வகத்தின் சல்லடை

அறுத்து உலர்த்திய பூவை விவசாயி தானே எடுத்துக்கொண்டு போய்ச் சோதனைக்குக் கொடுக்க முடியாது. ஒரு தொகுதி 50 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 22.7 கிலோவைத் தாண்டக் கூடாது. உரிமம் பெற்ற ஆய்வகத்தின் ஆள், பொருள் இருக்கும் விநியோகஸ்தரின் இடத்துக்கு நேரில் வந்து மாதிரி எடுக்கிறார். அதை வீடியோவில் பதிகிறார்கள். சாகுபடியிலோ விற்பனையிலோ ஆய்வகத்துக்குப் பங்கு இருக்கக் கூடாது.

பிறகு சல்லடை. 66 பூச்சிக்கொல்லிகள். காட்மியம், ஈயம், ஆர்சனிக், பாதரசம் என நான்கு உலோகங்கள். பூஞ்சை நஞ்சுகள், கிருமிகள். உலோகத்தைத் தேடுவதற்குக் காரணம் இருக்கிறது. மண்ணிலிருந்து உலோகங்களை உறிஞ்சி உடலில் சேர்த்துவைப்பதில் இந்தச் செடி கெட்டிக்காரி. 1990களின் பிற்பகுதியில் செர்னோபில் அருகே மாசுபட்ட மண்ணைச் சுத்தப்படுத்தச் சணலை நட்டுப் பார்த்தார்கள். மண்ணுக்கு நன்மை செய்யும் அதே குணம், புகையாக நுரையீரலுக்குள் போகும்போது தீமை. ஆகவே புகைக்கும் பூவில் ஒரு கிராமுக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் காட்மியம் இருந்தால் அந்தத் தொகுதி தேறாது.

பூச்சிக்கொல்லியிலும் இதே கதைதான். மைக்ளோபியூட்டனில் என்ற பூஞ்சைக்கொல்லியைத் திராட்சைத் தோட்டத்தில் அனுமதியோடு தெளிக்கிறார்கள். திராட்சையை யாரும் கொளுத்துவதில்லை. கஞ்சாப் பூவில் அது தங்கிச் சூடுபட்டால் ஹைட்ரஜன் சயனைடு வெளியாகும். ஒரு மருந்து தீங்கானதா என்பதை, அந்தப் பயிரை மனிதர் எப்படி உட்கொள்கிறார் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

இன்னொரு சோதனை நம் வீட்டு மொட்டைமாடிக்கு அருகில் இருப்பது. வற்றல் போட்டவர்களுக்குத் தெரியும், மேலே காய்ந்த மாதிரி இருந்தும் டப்பாவில் போட்ட சில நாளில் பூசணம் பிடிக்கும். பொருளில் மொத்தம் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, பூஞ்சை எடுத்துக் குடிக்கும்படி கட்டற்ற நீர் எவ்வளவு இருக்கிறது என்பதே முக்கியம். உணவு அறிவியலில் இதற்கு நீர்ச்செயல்திறன் என்று பெயர். சுத்தத் தண்ணீருக்கு 1. கஞ்சாப் பூவுக்கு விதி வகுத்த உச்சம் 0.65. ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் நுரையீரலில் குடியேறக்கூடியவை. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் இந்தக் கடைகளுக்கு வருகிறார்கள் என்பதை நினைத்தால் அந்த எண்ணின் அருமை புரியும்.

ஓடைக்கும் ஒரு பங்கு

விதிப்புத்தகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பக்கம் தண்ணீரைப் பற்றியது. வட கலிபோர்னியாவில் மழை குளிர்காலத்தில் பெய்கிறது. கோடை வறண்டது. செடிக்குத் தாகம் உச்சத்தில் இருக்கும் அதே மாதங்களில் மலை ஓடைகள் ஒட்டிப்போய், குட்டை குட்டையாகத் தேங்கி நிற்கும். அந்தக் குட்டைகளில்தான் அழியும் அபாயத்தில் உள்ள கோஹோ சால்மன் மீன்குஞ்சுகள் கோடையைக் கடத்துகின்றன. 2015இல் வந்த ஓர் ஆய்வு அப்பகுதியின் நான்கு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு கணக்கிட்டது. அவற்றில் மூன்றில், நீர் குறைந்த காலத்தில் கஞ்சாவுக்கு வேண்டிய தண்ணீர் ஓடையில் ஓடுவதையே மிஞ்சக்கூடும் என்று கண்டது. தண்ணீர் மட்டும் இல்லை. காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் பயிரிட்டவர்கள் எலிகளுக்கு நஞ்சு வைத்தார்கள். 2012இல் வெளியான ஆய்வில், சோதித்த 58 ஃபிஷர் என்ற மரமேறும் விலங்குகளில் 46இன் உடலில் அந்த நஞ்சு இருந்தது.

உரிமத்தின் வழியே மாநிலம் கேட்பது இதுதான்: ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை ஓடையில் கை வைக்காதே. மழைக்காலத்தில் பிடித்துத் தொட்டியில் வைத்துக்கொள், கோடையில் அதிலிருந்து எடுத்துக்கொள். ஆண்டு முழுதும் ஓடும் நீரோட்டத்திலிருந்து 150 அடி தள்ளியே பயிரிடு.

சிறியவரின் பாரம்

செடியை இவ்வளவு நுட்பமாக அளந்த சட்டம், மனிதரை அளப்பதில் தடுமாறியது. கேமரா என்று விதி சொன்னால், அது நாள் முழுதும், வினாடிக்கு 15 படச்சட்டங்களாகப் பதிந்து, 90 நாள் சேமிக்க வேண்டும். பெரிய கிடங்குக்கும் சின்ன இடத்துக்கும் ஒரே கேமரா. ஆய்வகத்திலும் 2 கிலோ தொகுதி, 22 கிலோ தொகுதி இரண்டும் கடக்கும் சல்லடை ஒன்றே. கிலோவுக்கு விழும் செலவு சிறியவரின் தலையில்தான் கனக்கிறது. இதற்கு மேல், மைய அரசின் வரிச்சட்டத்தில் 1982இல் சேர்ந்த 280இ என்ற பிரிவு, போதைப்பொருள் சட்டத்தின் முதல் இரு பட்டியல்களில் உள்ள பொருளை விற்பவர் வாடகை, சம்பளம் போன்ற வணிகச் செலவுகளை வருமானத்தில் கழிக்க விடுவதில்லை.

பெரும் பண்ணைகளுக்கான உரிமத்தை 2023 வரை தரமாட்டோம், அதுவரை சிறியவர்கள் வேரூன்றட்டும் என்றுதான் 2016இல் மக்களுக்குச் சொல்லப்பட்டது. ஆனால் 2017 நவம்பரில் வந்த அவசர விதிகள், ஒருவரே எத்தனை சிறு உரிமங்களை வாங்கலாம் என்பதற்கு உச்சவரம்பு வைக்கவில்லை. பணம் உள்ளவர்கள் சிறு உரிமங்களைச் செங்கல் போல அடுக்கிப் பெரும் பண்ணை கட்டினார்கள். 'சிறு' என்ற சொல் தரையை அளந்தது, ஆளை அளக்கவில்லை. இது நேர்மையான விவசாயிகளுக்கு நேர்ந்த அநீதி என்றே நான் நினைக்கிறேன்.

திருத்தும் முயற்சிகளும் விதிப்புத்தகத்திலேயே இருக்கின்றன. 'மைக்ரோபிசினஸ்' என்றொரு உரிமம், 10,000 சதுர அடிக்குள் பயிரிடுபவர் தயாரிப்பு, விநியோகம், சில்லறை விற்பனை ஆகியவற்றையும் ஒரே உரிமத்தின் கீழ் செய்ய விடுகிறது. நான்கு வேலைகளில் குறைந்தது மூன்றைச் செய்ய வேண்டும். 2020இல் வந்த ஒரு சட்டம் ஊர்ப்பெயரைக் காக்கிறது. மண்ணில் நேராக நட்டு, கூடாரமும் விளக்கும் இல்லாமல் வளர்த்தால்தான் புவிசார் பெயரை அந்தப் பூவுக்குச் சூட்டலாம். ஆண்டுக்கு ஒரே அறுவடை பார்க்கும் மலை விவசாயியின் குறையே அங்கே அவருடைய தகுதியாகிறது.

அக்டோபர் முடிகிறது. ஹம்போல்ட் மலையில் 25 செடிகளும் அறுபட்டு, எடையிடப்பட்டு, 25 எண்களும் கணினியில் கணக்கு முடிந்துவிட்டன. நவம்பர் 1 வந்ததும் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிவிட முடியுமா? முடியாது. ஓடையில் வேண்டிய அளவு நீரோட்டம் தொடர்ந்து ஏழு நாள் இருந்தாக வேண்டும். அதனால் அந்த விவசாயி ஒவ்வொரு நாளும் ஓடையின் அளவைப் பார்த்துவிட்டு, இன்று இல்லை என்று திரும்புகிறார். மலைக்கு மேலே மேகம் கூடுகிறது. கடலிலிருந்து சால்மன்கள் ஆற்றில் ஏறத் தொடங்கும் பருவம் இது. முதல் மழை அவற்றுக்கு. தொட்டிக்கு அடுத்தது.